தோற்ற மீன் போகுமிடம்: பெரிய சிக்லிட்டுகளுக்கு எவ்வளவு பெரிய தொட்டி?

சிக்லிட் என்னும் மீன்குடும்பத்தில் இதுவரை ஏறத்தாழ 1,700 இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. நடு அமெரிக்கா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் ஆகிய இடங்களில் இவை மிகுதியாக வாழ்கின்றன. தமிழ்நாட்டு ஏரி குளங்களில் ஜிலேபி என்று பெயர் பெற்றுவிட்ட திலேப்பியாவும், கேரளத்தார் விரும்பி உண்ணும் கரிமீனும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே. விரல்நுனி அளவிலேயே வளர்ச்சி முடிந்துவிடும் இனங்களும், அமேசான் வடிநிலத்தில் ஒரு மீட்டரை நெருங்கும் சிக்லா டெமென்சிஸ் போன்ற வேட்டை மீன்களும் இதில் அடங்குவதால், சிக்லிட்டுக்கு எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும் என்ற கேள்விக்குப் பொதுவான விடை ஒன்று இருக்க முடியாது. இக்கட்டுரை எடுத்துக்கொள்வது அவற்றுள் ஒரு பிரிவை மட்டுமே: 25 செ.மீ.க்கு மேல் வளர்வதும், தனக்கென ஓர் இடத்தை வரித்துக்கொண்டு அதைப் பிற மீன்களிடமிருந்து சண்டையிட்டுக் காப்பதுமான அமெரிக்கச் சிக்லிட்டுகள். ஆஸ்கார், ஜாகுவார், ரெட் டெவில், மைடாஸ், டோவீ ஆகியவையும், இவற்றுள் சிலவற்றுக்கு நெருங்கிய உறவுடைய மீன்களைக் கலந்து 1990களில் மலேசியாவில் உருவாக்கப்பட்ட ஃபிளவர்ஹார்னும் வண்ணமீன் கடைகளில் பெரும்பாலும் இரண்டு அங்குலக் குஞ்சுகளாக விற்கப்படுகின்றன. அந்தக் குஞ்சைப் பார்த்துத் தொட்டி வாங்குவதிலிருந்துதான் பெரும்பாலான துயரங்கள் தொடங்குகின்றன.

மீன் வளர்ப்போரிடையே நெடுங்காலமாக வழங்கும் கணக்கு ஒன்று உண்டு: ஓர் அங்குல மீனுக்கு ஒரு கேலன் தண்ணீர். சிறிய மீன்களுக்கு இது ஓரளவு பொருந்தும் என்றாலும், பெரிய மீன்களிடம் வரும்போது முற்றிலும் தவறிவிடுகிறது. ஏனெனில் மீனின் நீளம் கூடும்போது அகலமும் உயரமும் சேர்ந்தே கூடுவதால், எடை நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. இரண்டரை செ.மீ. நீளமுள்ள கப்பி மீனையும் 30 செ.மீ. ஆஸ்காரையும் ஒப்பிட்டால், நீளம் 12 மடங்கு. உடல் வடிவம் ஒன்றே என்று கொண்டால்கூட எடை 1,728 மடங்கு. மேற்சொன்ன கணக்கோ 12 கப்பிகளுக்கும் ஓர் ஆஸ்காருக்கும் ஒரே 12 கேலன், அதாவது சுமார் 45 லிட்டர் தண்ணீரை ஒதுக்குகிறது. பெரிய உயிர்களில் ஒவ்வொரு கிராம் உடலும் செலவிடும் ஆற்றல் சிறிய உயிர்களைவிடக் குறைவு என்பதால் கழிவு எடைக்கு நேர் விகிதத்தில் உயர்வதில்லை. அதைக் கழித்துப் பார்த்தாலும், அந்த ஓர் ஆஸ்கார் 12 கப்பிகளைப்போல இருபது முப்பது மடங்கு கழிவை வெளியேற்றும்.

கழிவு என்பது இங்கே கண்ணுக்குத் தெரியும் எச்சத்தை மட்டும் குறிக்கவில்லை. உணவிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன். அதில் பாதிக்குச் சற்று மேற்பட்ட பங்கு அம்மோனியாவாக மாறி, பெரும்பாலும் செவுள்களின் வழியாகவே நீரில் கலந்துவிடுகிறது. வளர்ந்த ஆஸ்கார் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 40 விழுக்காடு புரதமுள்ள 5 கிராம் உருண்டைத் தீவனம் இடப்படுவதாகக் கொண்டால், அன்று நீரில் சேரும் அம்மோனியா நைட்ரஜன் சுமார் 180 மில்லிகிராம். கடைகளில் மிகுதியாக விற்பனையாகும் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி விளிம்புவரை நிரப்பினாலும் 57 லிட்டருக்கு மேல் கொள்ளாது என்பதால், அதில் இந்தக் கழிவு லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டிவிடும். 4 அடி நீளமும் 2 அடி அகலமும் 2 அடி உயரமும் உள்ள 453 லிட்டர் தொட்டியிலோ அதே கழிவு லிட்டருக்கு 0.4 மில்லிகிராம்தான். நீரின் காரத்தன்மை கூடக்கூட அம்மோனியாவின் நஞ்சு பெருகுகிறது. 28 பாகை செல்சியஸ் வெப்பத்தில், நடுநிலையான நீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இருப்பதில்லை, பி.எச். அளவு 8ஐ எட்டும்போது அப்பங்கு ஏறத்தாழ ஒன்பது மடங்காகிறது. உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொட்டிக்குப் பயன்படுத்துவோர் இதை மனத்தில் கொள்வது நல்லது.

நன்கு பழகிய வடிகட்டியில் குடியேறிய நுண்ணுயிரிகள் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நச்சுத்தன்மை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன என்பது உண்மை. ஆனால் மாற்றப்பட்ட நைட்ரேட் தொட்டியிலேயேதான் தேங்குகிறது. மேலே சொன்ன தீவன அளவுக்கு வாரம் ஒன்றில் சேரும் நைட்ரேட் ஐந்தரை கிராமுக்குமேல். அது 453 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 12 மில்லிகிராம் அளவில் நிற்கும். 57 லிட்டர் தொட்டியில் 100 மில்லிகிராமை எட்டிவிடும். எவ்வளவு விலையுயர்ந்த வடிகட்டியை மாட்டினாலும் இந்த வேறுபாடு மறையாது. வடிகட்டி அம்மோனியாவின் வடிவத்தை மாற்றுகிறதே ஒழிய நைட்ரஜனைத் தொட்டியிலிருந்து அகற்றுவதில்லை. அகற்றுவதற்கு உள்ள எளிய வழி தண்ணீர் மாற்றுவதுதான். வாரம் ஒருமுறை பாதித் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் 453 லிட்டர் தொட்டிக்கு 225 லிட்டர், குளோரின் நீக்கப்பட்ட நீராகத் தேவைப்படும். கோடையில் லாரித் தண்ணீரை நம்பி வாழும் குடியிருப்பில் இத்தகைய மீனை வாங்குவோர் மீனின் விலைக்கு முன்னதாக இந்த 225 லிட்டரைக் கணக்கிட்டுப் பார்ப்பதே முறை. ஆஸ்கார் மீன்களின் தலையிலும் பக்கக்கோட்டிலும் சிறுகுழிகள் விழுந்து தசை அரிக்கப்படும் நோய்க்குக் காரணங்கள் பல சொல்லப்பட்டாலும், அது நீண்ட நாள் கெட்ட நீரில் வாழ்ந்த மீன்களிடமே அடிக்கடி காணப்படுகிறது.

நீரின் கொள்ளளவை அடுத்து உடலின் வடிவம் வருகிறது. 30 செ.மீ. நீளமுள்ள மீன் 1 அடி அகலத் தொட்டியில் திரும்ப வேண்டுமானால் வாலை மடக்கி, உடலை வளைத்து, கண்ணாடியில் உரசித்தான் திரும்ப முடியும். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை அப்படித் திரும்பும் உயிரின் நிலையை எண்ணிப் பார்த்தால், தொட்டியின் அகலம் ஏன் நீளத்துக்கு இணையான சிறப்புப் பெறுகிறது என்பது விளங்கும். தொட்டியின் நீளம் முழுவளர்ச்சி பெற்ற மீனைப்போல நான்கு முதல் ஆறு மடங்கும், அகலம் ஒன்றரை முதல் இரண்டு மடங்கும் இருக்க வேண்டும் என்பது தேர்ந்த வளர்ப்பாளர்கள் கைக்கொள்ளும் அளவுகோல். இதில் உயரத்துக்கு இடமில்லை என்பது கவனிக்கத்தக்கது. அமெரிக்கப் பெருஞ்சிக்லிட்டுகள் தட்டையான கல்லையோ மரத்துண்டையோ வாயால் துடைத்துத் தூய்மை செய்து அதன்மேல் முட்டையிடுபவை. ஆணும் பெண்ணும் சேர்ந்து முட்டையையும் குஞ்சையும் காப்பவை. அவற்றின் எல்லை தரையைச் சார்ந்தே வரையப்படுகிறது. ஆகவே ஒரே கொள்ளளவுடைய இரு தொட்டிகளில் உயரமானதைவிடத் தரைப்பரப்பு மிகுந்ததே அவற்றுக்கு உண்மையில் பெரிய தொட்டி. அகன்ற தொட்டியில் நீரின் மேற்பரப்பும் மிகுவதால் காற்றிலிருந்து ஆக்சிஜன் கலப்பது எளிதாகிறது என்பது கூடுதல் நன்மை.

ஆனால் கொள்ளளவும் உடலளவும் மட்டுமே கேள்வியாக இருந்தால், பெரிய கெண்டைக்கும் பெரிய சிக்லிட்டுக்கும் ஒரே தொட்டி போதுமானதாக இருந்திருக்கும். சிக்லிட்டின் தேவையைத் தனித்து நிறுத்துவது அதன் சண்டை.

ஏறக்குறைய சம வலிமையுள்ள இரு மைடாஸ் மீன்கள் சந்திக்கும்போது சண்டை உடனே கடியில் தொடங்குவதில்லை. முதலில் இரண்டும் துடுப்புகள் அனைத்தையும் விரித்து, உடலின் பக்கவாட்டை எதிரிக்குக் காட்டியபடி மெல்ல நகர்கின்றன. செவுள்மூடிகள் விரிய, தொண்டைத் தோல் தாழ, மீன் தன்னைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. பின்னர் ஒன்று வாலை விசையுடன் வீசி நீரை எதிரியின் விலாவை நோக்கித் தள்ளுகிறது. நீரசைவை உணர்வதற்கென மீனின் விலாவில் ஓடும் பக்கக்கோடு என்னும் உறுப்பு அந்த அலையின் வலிமையிலிருந்தே எதிரியின் உடல்வலிமையை அளந்துவிடுகிறது. இதிலும் முடிவு எட்டப்படாவிட்டால் இரண்டும் ஒன்றன் தாடையை ஒன்று கவ்விக்கொண்டு முன்னும் பின்னுமாகத் தள்ளி இழுக்கின்றன. முடிவில் தோற்ற மீன் துடுப்புகளை ஒடுக்கி, நிறம் மாறி, திரும்பி ஓடுகிறது. வென்றது சிறிது தூரம் துரத்திவிட்டு, தன் எல்லையின் விளிம்பில் நின்று திரும்பிவிடுகிறது.

இந்தக் கடைசிப் படியில்தான் தொட்டியின் அளவு முழுப்பொருள் பெறுகிறது. மைடாஸ் இயல்பாக வாழும் நிகரகுவாவின் ஏரிகளில் ஓடிய மீன் கண்பார்வைக்கு அப்பால் மறைந்துவிடுகிறது. சண்டை அத்துடன் ஓய்கிறது. மூன்றடித் தொட்டியில் ஓடிய மீன் முக்கால் மீட்டர் தொலைவில் எதிர்க் கண்ணாடியில் முட்டி நிற்கிறது. வென்ற மீனின் பார்வையில் அது இன்னும் தன் எல்லைக்குள்ளேயே இருக்கிறது; அதாவது தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் நிற்கிறது. ஆகவே தாக்குதல் தொடர்கிறது. சில மணிநேரத்தில் தோற்ற மீன் நீர்மட்டத்தை ஒட்டி, வடிகட்டிக் குழாய்க்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள சிறு மூலையில் தலை மேலாக ஒதுங்கி நிற்பதைக் காணலாம்: வால் துடுப்பு கிழிந்து நூல்நூலாகத் தொங்கும், விலாவில் செதில்கள் உதிர்ந்த இடங்கள் வெளுத்திருக்கும், உணவு போட்டாலும் இறங்கி வராது. பகைமைக் குணத்தால் ஒரு மீன் இன்னொன்றைக் கொன்றுவிட்டது என்று வளர்ப்போர் வருந்துவதுண்டு. அந்தக் குணம் தப்பியோட இடமுள்ள நீர்நிலைகளில் உருவானது, தொட்டியோ அந்த இடத்தை நீக்கிவிட்டது. அதனால் மூர்க்கமான சிக்லிட்டுக்குத் தொட்டி அளவைக் கணக்கிடும்போது, வெல்லும் மீன் நீந்த எவ்வளவு இடம் வேண்டும் என்பதைக் காட்டிலும், தோற்ற மீன் துரத்தும் கண்ணிலிருந்து மறைய எவ்வளவு தூரம் வேண்டும் என்று கேட்பதே சரியான கேள்வியாகும்.

இக்கேள்விக்கு ஆய்வு வழியாகவும் ஒரு விடை உண்டு. அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்டு ஓல்ட்ஃபீல்டு, இளம் மைடாஸ் மீன்களின் மூர்க்கத்தை வெவ்வேறு சூழல்களில் அளந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், மீன்களின் எண்ணிக்கையிலோ தொட்டியின் பரப்பிலோ செய்யப்பட்ட சிறிய மாற்றங்களால் சண்டை குறையவில்லை என்று கண்டார். ஆனால் மறைவிடங்கள் நிறைந்த சிக்கலான அமைப்புடைய பெரிய தொட்டியில் அது குறைந்தது. அங்கே மீன்கள் நடந்துகொண்ட விதம், செயற்கையாக அமைக்கப்பட்ட பெரிய ஓடையிலும் இயற்கை வாழிடத்திலும் அவை நடந்துகொள்ளும் விதத்தை ஒத்திருந்தது. இந்த முடிவு வளர்ப்போருக்குக் கூறுவது மிகத் தெளிவானது. இரண்டடியிலிருந்து மூன்றடிக்கு மாறுவது செலவேயன்றித் தீர்வன்று. அந்த மாற்றத்தால் காவல் மீன் சுற்றிவரும் தூரம் சிறிது கூடுமே தவிர, முழுத் தொட்டியும் அதன் எல்லையாகவே நீடிக்கும். ஓர் எல்லை முடிந்து இன்னோர் எல்லை தொடங்குமளவுக்குப் பரப்பும், ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியாதபடி பார்வையை மறிக்கும் பாறைகளும் மரக்கட்டைகளும் சேர்ந்து அமையும்போதே பயன் கிட்டுகிறது. பரப்பு இல்லாத பாறைக்குவியலும், பாறையில்லாத வெறும் பரப்பும் அரைகுறை உதவிதான்.

மூர்க்கம் உடல் அளவை மட்டும் பொறுத்ததுமன்று. கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் மைடாஸ் மீன்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த ஜார்ஜ் பார்லோ, அவ்வினத்தில் சாம்பல் நிறத்தவையும் பொன்னிறத்தவையும் இருப்பதையும், ஒரே அளவுள்ள இரண்டைச் சேர்த்துவிட்டால் பொன்னிற மீனே பெரும்பாலும் மேலாதிக்கம் பெறுவதையும் காட்டினார். நிறமும் பாலும் இனப்பெருக்கப் பருவமும் சேர்ந்தே ஒரு மீனின் போக்கைத் தீர்மானிப்பதால், தொட்டி அளவை எப்போதும் அமைதியான நாளை வைத்துக் கணக்கிடாமல், மீன்கள் முட்டையிட்டுக் குஞ்சு காக்கும் வாரங்களை வைத்தே கணக்கிட வேண்டும். ஆறு மாதம் ஒற்றுமையாக இருந்த மீன்கள் ஒரே இரவில் ஒன்றையொன்று சிதைப்பது அந்த வாரங்களில்தான்.

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிறிய பாறைவாழ் சிக்லிட்டுகளை வளர்ப்போர், வேண்டுமென்றே தொட்டியில் மீன்களை நெருக்கி நிரப்பி, எந்த ஒரு மீனும் எல்லை வகுக்க இயலாதபடி செய்வதுண்டு. பத்துப் பன்னிரண்டு செ.மீ. மீன்களிடம், வலிமையான வடிகட்டலுடன், இம்முறை ஓரளவு பலனளிக்கிறது. அதைப் பார்த்து ஜாகுவாரிடமோ டோவீயிடமோ முயல்வது மிகப் பெரிய தவறு. நெருக்கத்தால் மிகும் கழிவு ஒருபுறம் இருக்க, அவற்றின் வாய்க்கு அடங்கும் எந்த மீனும் அவற்றுக்குக் கூட்டாளி அன்று, உணவே.

இனிக் குறிப்பிட்ட மீன்களுக்கு வருவோம். ஆஸ்கார், அறிவியல் பெயரில் அஸ்ட்ரோநோடஸ் ஓசெல்லாடஸ், தொட்டியில் 30 முதல் 35 செ.மீ. வளரும், பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழும். தனி ஆஸ்காருக்கு 4 அடிக்கு ஒன்றரை அடி தரைப்பரப்பும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட 255 லிட்டர் தொட்டி கீழ்வரம்பு. அதே நீளத்தில் 2 அடி அகலம் கிடைத்தால் அது வரம்பைத் தாண்டி வசதி எனலாம். இணை ஆஸ்காருக்கு 6 அடிக்கு 2 அடி. ஃபிளவர்ஹார்ன் பெரும்பாலும் தனியாகவே வாழவேண்டிய மீன் என்பதால் 4 அடிக்கு 2 அடி போதும். நிகரகுவாவின் மனாகுவா ஏரியின் பெயரைத் தாங்கிய ஜாகுவார், அதாவது பாராக்ரோமிஸ் மனாகுவென்சிஸ், 40 செ.மீ. வரை வளரக்கூடியது, தனியாக இருந்தாலும் 6 அடித் தொட்டி வேண்டும். அதன் நெருங்கிய உறவான டோவீ, ஓநாய் சிக்லிட் என்றும் அழைக்கப்படுவது, இயற்கையில் 70 செ.மீ.யைத் தொடும் வேட்டை மீன். 8 அடி நீளமும் 3 அடி அகலமும் இல்லாத தொட்டியில் வளர்ந்த ஆணை வைப்பது முறையன்று. இந்தப் பெரிய இனங்களில் ஆண், முட்டையிடத் தயாராகாத பெண்ணைக் கொன்றுவிடுவது அடிக்கடி நிகழ்வதால், அனுபவமுள்ளோர் தொட்டியின் குறுக்கே பெண் மட்டும் நுழையக்கூடிய துளையுடன் தடுப்பு அமைக்கின்றனர். அந்தத் தடுப்பும், தோற்றவருக்கு ஒரு போக்கிடம் என்ற அதே கருத்தின் இன்னொரு வடிவமே.

இத்தகைய தொட்டியைத் தாங்கும் கண்ணாடியும் தரையும் வேறொரு கணக்கைக் கோருகின்றன. 6 அடி நீளமும் 2 அடி அகலமும் 2 அடி உயரமும் உள்ள தொட்டியில் நீர் மட்டும் 680 கிலோ, 12 மி.மீ. கண்ணாடியின் எடை ஏறத்தாழ 120 கிலோ. மணலும் பாறையும் தாங்கியும் சேர்ந்தால் 900 கிலோவைக் கடந்துவிடும். இவ்வளவும் 12 சதுர அடிக்குள், அதாவது 1.1 சதுர மீட்டருக்குள் இறங்குகிறது. இந்தியக் கட்டட விதித்தொகுப்பு குடியிருப்பு அறைத் தளத்துக்கு வகுக்கும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ; இது அறை முழுவதும் பரவிய சுமைக்கான அளவு என்பதால் மாடியில் தொட்டி வைத்த உடனே தளம் விழுந்துவிடாது என்றாலும், சுவரையும் உத்தரத்தையும் ஒட்டி வைப்பதும், பொறியாளர் ஒருவரைக் கேட்பதும் தவிர்க்கக் கூடாதவை. மற்றொரு பக்கம், கண்ணாடியின் மீதான அழுத்தம் நீரின் உயரத்தை மட்டுமே பொறுத்தது. நீளம் கூடுவதால் அழுத்தம் கூடுவதில்லை, ஆனால் தாங்கலற்ற கண்ணாடியின் வளைவு கூடுமென்பதால் மேல்விளிம்பில் குறுக்குப் பட்டைகள் தேவைப்படும். உயரத்தைக் குறைத்து நீள அகலத்தைக் கூட்டுவது மீனுக்கும் உகந்தது, கண்ணாடிக்கும் உகந்தது.

குஞ்சாக இருக்கும்போது சிறிய தொட்டி, வளர்ந்தபின் பெரிய தொட்டி என்ற திட்டத்தில் தவறில்லை. அத்திட்டம் நிறைவேறாமல் போவதே இடர். நன்கு உணவு பெறும் ஆஸ்கார் குஞ்சு முதல் மாதங்களில் மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் வளர்ந்து, ஓராண்டுக்குள் 25 செ.மீ.யை நெருங்கிவிடும். மீன் தொட்டிக்கு ஏற்பத்தான் வளரும் என்று விற்பனையாளர் சிலர் கூறுவது ஏற்கத்தக்கதன்று: கெட்ட நீரிலும் ஓயாத அச்சத்திலும் வளர்ச்சி குன்றலாம் என்பது மெய்யே, ஆனால் அது நோயின் அடையாளமேயன்றிப் பொருத்தத்தின் அடையாளமன்று.

வளர்ந்து தொட்டியை மீறிய மீனை அருகிலுள்ள ஏரியில் விட்டுவிடுவோரும் உண்டு. இது மீனுக்கு விடுதலை அளிக்கும் செயலாகத் தோன்றலாம். ஏரிக்கு நேர்வது வேறு. பனாமாவின் கட்டூன் ஏரிக்குள் 1960களில் நுழைந்த சிக்லா மீன்கள் உள்ளூர்ச் சிறுமீன்கள் பலவற்றை அருகச் செய்துவிட்டதைத் தாமஸ் ஸேரட்டும் ராபர்ட் பெய்னும் 1973இல் சயன்ஸ் இதழில் பதிவு செய்தனர். இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில், வேறெங்கும் காணப்படாத உயிரினங்கள் வாழும் மட்டானோ ஏரியில் ஃபிளவர்ஹார்ன் பெருகியிருப்பது ஆய்வாளர்களால் உறுதி செய்யப்பட்டுள்ளது. இந்தியாவுக்குள் 1952இல் வளர்ப்புக்கெனக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலேப்பியா தமிழகக் குளங்களில் எப்படிப் பரவிற்று என்பதற்குச் சான்று தேடவேண்டியதில்லை. இடமில்லாத வளர்ப்பாளர், மீனைப் பெரிய தொட்டியுள்ள இன்னொருவரிடமோ வாங்கிய கடையிலோ ஒப்படைப்பதே செய்யத்தக்கது. வீட்டில் மூன்றடித் தொட்டிக்கு மேல் இடமில்லை என்று முன்னமே தெரிந்தவருக்கு இதே குடும்பத்தில் வேறு மீன்கள் உள்ளன: 15 செ.மீ. அளவில் வளர்ச்சி நிற்கும் ஃபயர்மவுத் இணையொன்று, சிவந்த தொண்டையை விரித்து எதிரியை மிரட்டுவதும் கல்லைத் துடைத்து முட்டையிடுவதும் குஞ்சுக் கூட்டத்தை வழிநடத்துவதுமாகப் பெரிய சிக்லிட் செய்யும் அனைத்தையும் அந்த மூன்றடிக்குள் செய்துகாட்டும்.